பாஸ்காவிலிருந்து தொடங்குங்கள்: பங்கில் திருவழிபாட்டு ஆண்டைத் திட்டமிட ஒரு முழுமையான வழிகாட்டி

தர்மபுரி, கிருஷ்ணகிரி என்று எங்கள் மறைமாவட்டத்தின் இரண்டு மாவட்டங்களிலும் பங்குத்தந்தையாக இருந்திருக்கிறேன். எந்தப் பங்குக்கு மாற்றலாகிப் போனாலும் முதல் வருடம் ஒரே காட்சிதான். டிசம்பர் 24 இரவு கோவிலில் நிற்க இடம் இருக்காது, வாசற்படியிலும் ஆள் இருக்கும். உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தின புனித சனி இரவில் அதே கோவிலில் பின்பக்கப் பெஞ்சுகள் காலியாகக் கிடக்கும். குடிலுக்கும் சீரியல் பல்புக்கும் வசூல் செய்ய இளைஞர்கள் நவம்பரிலேயே கிளம்பிவிடுவார்கள். அந்த இரவில் ஏற்றும் பெரிய மெழுகுதிரியான பாஸ்கா திரியை வாங்கவேண்டும் என்பது குருத்து ஞாயிறு முடிந்த பிறகுதான் யாருக்காவது நினைவு வரும்.

மக்களைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. திட்டம் போடுகிறவர்கள் நாம். கிறிஸ்துமஸிலிருந்து திட்டம் போட்டால் பலமும் பணமும் அங்கேயே தீர்ந்துவிடும். திருச்சபையின் விழாக்களும் காலங்களும் சேர்ந்த திருவழிபாட்டு ஆண்டின் உச்சி, பெரிய வியாழன் மாலையிலிருந்து உயிர்ப்பு ஞாயிறு வரை வரும் பாஸ்காவின் மூன்று நாட்கள். அந்த மூன்று நாட்களை முதலில் எழுதிவிட்டு, மற்றதையெல்லாம் அதற்கு முன்னும் பின்னும் அடுக்க வேண்டும். பங்குப் பேரவையில் இருப்பவர்களுக்கும், தெருவாரியான சிறு குழுக்களான அன்பியங்களின் பொறுப்பாளர்களுக்கும், புதிதாகப் பங்கேற்ற இளம் குருக்களுக்கும் நான் செய்துவரும் முறையை அப்படியே எழுதுகிறேன்.

படி 1: ஒரு நீள நோட்டு, ஒரு தேதி

நீளமான கணக்கு நோட்டு ஒன்று வாங்குங்கள். செல்போனில் குறித்தால் அது உங்களோடு போய்விடும். நோட்டு பங்கில் இருக்கும்.

முதல் பக்கத்தில் உயிர்ப்பு ஞாயிறின் தேதியை எழுதுங்கள். மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறுதான் உயிர்ப்புப் பெருவிழா. அதனால் அது மார்ச் 22 முதல் ஏப்ரல் 25 வரை எந்த ஞாயிறிலும் வரலாம். நம் ஊர்க் கணக்கில் பெரும்பாலும் பங்குனிப் பௌர்ணமியை ஒட்டி வரும். மறைக்கல்வி வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்கிறார்கள். பெரிய வியாழன் இரவு வெளியே வந்து நிலாவைப் பார்க்கச் சொல்லுங்கள். அநேகமாக முழு வட்டமாகவோ கொஞ்சம் தேய்ந்தோ இருக்கும்.

2027-ஐ எடுத்துக்கொள்வோம். உயிர்ப்பு ஞாயிறு மார்ச் 28. அதிலிருந்து பின்னோக்கிப் போனால் குருத்து ஞாயிறு மார்ச் 21, உயிர்ப்புக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதன் பிப்ரவரி 10. முன்னோக்கிப் போனால் தூய ஆவியார் பெருவிழா மே 16, இயேசுவின் திரு இருதயப் பெருவிழா ஜூன் 4. எங்கள் பேராலயம் திரு இருதய ஆண்டவருக்கு உரியது. அதனால் அந்த வெள்ளியை நான் சிவப்பு மையால் எழுதிவிடுவேன்.

பிறகு இடிக்கிற நாட்களைத் தேடுங்கள். 2027-இல் இரண்டு இருக்கின்றன. வானதூதர் மரியாவுக்கு இயேசுவின் பிறப்பை அறிவித்ததை நினைவுகூரும் மார்ச் 25 மங்கள வார்த்தைப் பெருவிழா அந்த ஆண்டு பெரிய வியாழனில் விழுகிறது. ஆகவே அது ஏப்ரல் 5 திங்களுக்கு மாறும். லூர்து அன்னையின் பிப்ரவரி 11 திருநீற்றுப் புதனுக்கு மறுநாள். மற்ற கோவில்களில் அது தவக்கால வார நாளாகவே போகும். லூர்து அன்னை பெயரால் விளங்கும் கோவிலில், அங்கு அது பெருவிழா என்பதால், தாராளமாகக் கொண்டாடலாம். பி.பள்ளிப்பட்டி லூர்து அன்னையிடம் வேண்டுதலோடு போகும் நம் குடும்பங்களுக்கு இதை ஜனவரியிலேயே அறிவித்துவிடுங்கள். சாம்பல் பூசிய மறுநாள் கறிவிருந்து வைக்கலாமா என்ற கேள்வி கட்டாயம் வரும். திருப்பலியைச் சிறப்பாக வையுங்கள், விருந்தை எளிமையாக வையுங்கள் என்பதுதான் என் பதில்.

ஞாயிறுகளில் எந்த ஆண்டு எந்த நற்செய்தியை வாசிப்பது என்பதையும் அதே பக்கத்தில் குறியுங்கள். முதல் ஆண்டு மத்தேயு, இரண்டாம் ஆண்டு மாற்கு, மூன்றாம் ஆண்டு லூக்கா. வருடத்தின் இலக்கங்களைக் கூட்டி மூன்றால் மீதியின்றி வகுபட்டால் லூக்கா. 2025 அப்படி வந்தது. 2026 மத்தேயு, 2027 மாற்கு. கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறில் ஆண்டு மாறிவிடும் என்பதால் 2026 நவம்பர் 29 அன்றே மாற்குவைக் கையில் எடுத்துவிட வேண்டும்.

படி 2: பக்கத்தில் ஊர்க் காலண்டர்

நோட்டின் இடப்பக்கம் திருச்சபையின் நாட்கள். வலப்பக்கம் ஊரின் நாட்கள். இதை நீங்கள் ஒருவராக எழுத முடியாது. ஒவ்வொரு அன்பியத்திலிருந்தும் ஒருவரை, முக்கியமாகப் பெண்களை, கூப்பிட்டு உட்காரவைத்துக் கேளுங்கள்.

என் நோட்டில் இருப்பதைச் சொல்கிறேன். பிப்ரவரியிலிருந்து புளி. உலுக்கிக் கொண்டுவந்த புளியை வீட்டில் உட்கார்ந்து ஓடு உடைத்து, கொட்டை எடுத்து, நார் நீக்கிக் கூலி வாங்கும் பெண்கள் நம் பங்குகளில் ஏராளம். தவக்காலம் முழுக்க அவர்கள் கைக்கு ஓய்வில்லை. மார்ச்சில் பத்தாவது, பன்னிரண்டாவது பரீட்சை. மே, ஜூனில் மாங்காய். கிருஷ்ணகிரி பக்கம் கூழ் ஆலைகளில் இரவு பகலாக வேலை. ஆடியில் விதைப்பு. மழை முடிந்து கேழ்வரகு அறுப்பு. ஓசூரில் வருடம் முழுக்க மூன்று ஷிஃப்ட். பெங்களூரில் சென்ட்ரிங் வேலைக்குப் போனவர்கள் பொங்கலுக்கும், கல்லறைத் திருநாளுக்கும், ஊர்த் திருவிழாவுக்கும் வருவார்கள்.

இந்த வலப்பக்கம் இல்லாமல் நான் நடத்திய முதல் தவக்காலத்தில் இயேசுவின் பாடுகளைப் பதினான்கு தலங்களில் நின்று தியானிக்கும் வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதையை மாலை ஐந்தரைக்கு வைத்தேன். பதினைந்து பேர் வந்தார்கள். மக்களுக்கு பக்தி குறைந்துவிட்டது என்று பிரசங்கத்தில் கடிந்துகொண்டேன். பூசை முடிந்ததும் ஒரு பாட்டி வந்து இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். விரல் இடுக்கெல்லாம் புளி ஏறிக் கறுத்து, நகத்தோரம் வெடித்திருந்தது. "சாமி, இந்தக் கையைக் கழுவிட்டு வர்றதுக்கே ஏழு மணி ஆயிடுது" என்றார். அடுத்த வெள்ளியிலிருந்து எட்டு மணிக்கு மாற்றினேன். அதையும் கோவிலில் வைக்காமல் அன்பியம் அன்பியமாகத் தெருவில் வைத்தேன். அந்தப் பாட்டியின் வீட்டு வாசலில்தான் ஆறாம் தலம். வெரோணிக்கா இயேசுவின் முகத்தைத் துடைக்கும் தலம்.

படி 3: தவக்காலத்துக்கு முன்பே சொல்ல வேண்டியவை

திருநீற்றுப் புதனுக்கு மூன்று வாரம் முன்பே, போன வருடக் குருத்தோலைகளை வீடுகளிலிருந்து கொண்டுவரச் சொல்லுங்கள். படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருப்பார்கள். சாம்பல் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். கடையில் பாக்கெட் வாங்குவதை நான் ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. தன் வீட்டு ஓலை எரிவதைப் பார்த்த பிள்ளை நெற்றியில் சாம்பல் வாங்கும்போது சும்மா நிற்காது, யோசிக்கும்.

நோன்பு ஒழுங்கைத் தெளிவாக அறிவியுங்கள். திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் ஒருவேளை மட்டும் முழு உணவு உண்ணும் நோன்பு நாட்கள். 18 வயது நிரம்பியவர்களுக்கு, 59 வயது நிரம்பும் வரை இந்தக் கடமை உண்டு. இறைச்சி தவிர்க்கும் ஒழுங்கு 14 வயது நிரம்பியவர்களிலிருந்து. நோயாளிகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இதில் கட்டாயம் இல்லை. கல் குவாரியிலும் கட்டட வேலையிலும் நாளெல்லாம் வெயிலில் நிற்பவர் வந்து கேட்டால், நோன்புக்குப் பதில் வேறு ஒரு பக்திச் செயலைத் தரப் பங்குத்தந்தைக்கு அதிகாரம் உண்டு. தயங்காமல் கொடுங்கள். அவர்கள் கேட்கக் கூச்சப்படுவார்கள் என்பதால் அறிவிப்பிலேயே சொல்லிவிடுவது நல்லது.

குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் பாவசங்கீர்த்தனத்தைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். பக்கத்துப் பங்கு குருக்களோடு பேசி, நான்காம் ஞாயிறுக்குள் ஒவ்வொரு கிளைக் கிராமத்துக்கும் ஒரு மாலை ஒதுக்குங்கள். தன் சொந்தச் சாமியிடம் சொல்லக் கூச்சப்படுகிறவர்கள் வெளிச் சாமியிடம் சொல்வார்கள்.

படி 4: மூன்று நாட்கள்

இந்த இடத்தில் நிதானமாக நிற்க வேண்டும். வருடம் முழுக்க நாம் செய்யும் எல்லாமே இங்கிருந்துதான் பொருள் பெறுகிறது.

பெரிய வியாழன் அரசு விடுமுறை கிடையாது. அன்றைய திருப்பலியை மாலை ஏழுக்கு முன்னால் வைத்தால் பாதிப் பங்கு வராது. இயேசு சீடர்களுக்குச் செய்ததுபோல் அதில் பாதம் கழுவ யாரை அழைப்பது என்பதைப் பேரவையின் மரியாதைப் பட்டியலாக ஆக்கிவிடாதீர்கள். பெண்களின் பாதங்களையும் கழுவலாம் என்று 2016-இல் திருத்தந்தை பிரான்சிஸ் ஒழுங்கை மாற்றினார். அதற்குப் பிறகு நான் அழைப்பவர்களில் புளி உடைக்கும் அம்மா, பள்ளிக்கூடம் கூட்டுபவர், வாய்பேச முடியாத ஒரு தம்பி, பெங்களூரிலிருந்து வந்த சென்ட்ரிங் மேஸ்திரி என்று பலர் இருந்திருக்கிறார்கள். முந்தின நாளே வீட்டுக்குப் போய் அழையுங்கள். காலைச் சுத்தமாகக் கழுவிவிட்டு வர வேண்டுமே என்று பதறுவார்கள். அப்படியே வாருங்கள் என்று சொல்லுங்கள்.

பெரிய வெள்ளியன்று திருப்பலி கிடையாது. காலையில் மலையேறிச் சிலுவைப்பாதை, பிற்பகல் மூன்று மணிக்குத் திருச்சிலுவை வழிபாடு. அதில் வரும் பத்துப் பெரிய மன்றாட்டுகளைச் சுருக்க வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் மக்களை முழந்தாளிடவைத்து, உண்மையிலேயே மௌனம் விடுங்கள். வழிபாடு முடிந்து கோவில் வளாகத்தில் கேழ்வரகுக் கூழ் ஊற்றுங்கள், போதும்.

இனி புனித சனி இரவின் வழிபாடான பாஸ்கா திருவிழிப்பு. ஒரு வருடம் கடைசி பஸ்ஸை நினைத்து இதை மாலை ஆறுக்குத் தொடங்கினேன். சூரியன் இன்னும் மலைக்கு மேலே நின்றது. நெருப்பு மூட்டினோம். வெளிச்சத்தில் அந்த நெருப்பு தெரியவே இல்லை. "கிறிஸ்துவின் ஒளி" என்று நான் பாடியபோது எல்லோருடைய முகத்திலும் வெயில் அடித்தது. திருவிழிப்பு இருட்டிய பிறகே தொடங்கி, ஞாயிறு விடியும் முன் முடிய வேண்டும் என்ற ஒழுங்கு எனக்குத் தெரியும். தெரிந்தும் மீறினேன். அந்த மக்களுக்கு ஒரு வருடத்தின் இருட்டையும் ஒளியையும் நான் கொடுக்காமல் விட்டுவிட்டேன் என்ற வருத்தம் இன்றும் இருக்கிறது. அடுத்த ஆண்டு முதல் இரவு பத்தரைக்குத்தான். கிளைக் கிராமங்களுக்கு இரண்டு வேன் பேசி, அதன் செலவைக் கிறிஸ்துமஸ் அலங்காரக் கணக்கிலிருந்து எடுத்தோம். பேரவையில் யாரும் எதிர்க்கவில்லை.

திருவிழிப்புக்கு நான் வைத்திருக்கும் பட்டியல் இது.

நெருப்பு: தட்டில் கற்பூரம் கொளுத்தாதீர்கள். காய்ந்த புளிய விறகு அடுக்கி, சுற்றிலும் மக்கள் நிற்கும் அளவுக்குப் பெரிதாக மூட்டுங்கள். கோவில் விளக்குகள் எல்லாம் அணைந்திருக்க வேண்டும். மைக் செட்காரரின் சிவப்பு லைட் உட்பட.

பாஸ்கா திரி: ஒவ்வோர் ஆண்டும் புதியது, உண்மையான மெழுகில். உள்ளே எண்ணெய் ஊற்றும் பிளாஸ்டிக் குழாய் வேண்டாம். தவக்காலத்தின் முதல் வாரத்திலேயே ஆர்டர் கொடுங்கள். ஐந்து சாம்பிராணி மணிகளையும், ஆண்டு இலக்கத்தையும், கிறிஸ்துவே தொடக்கமும் முடிவும் என்று காட்டும் அகரத்தையும் னகரத்தையும் மக்கள் பார்க்கும்படி பதியுங்கள்.

பாஸ்கா புகழுரை: திரியின் ஒளியில் பாடும் உயிர்ப்பின் புகழ்ப்பாடல் இது. பாடுபவர் தவக்காலம் இரண்டாம் வாரத்திலிருந்து பழக வேண்டும். எங்கள் பாடற்குழுவில் தக்காளி மண்டிக்குப் போகும் ஒரு இளைஞர் பாடுவார். விடியற்காலை ராயக்கோட்டைக்கு வண்டி ஓட்டிக்கொண்டே பழகுவதாகச் சொன்னார்.

வாசகங்கள்: பழைய ஏற்பாட்டிலிருந்து ஏழு. குறைந்தது மூன்றாவது வாசிக்க வேண்டும், அதில் செங்கடலைக் கடக்கும் விடுதலைப் பயணம் 14-ஐ ஒருபோதும் விடக்கூடாது. நான் ஏழையும் வாசிக்கவைக்கிறேன். தூங்கிவிடுவார்கள் என்று பயப்படாதீர்கள். வாசிப்பவரைச் சரியாகத் தேர்ந்தால் தூங்கமாட்டார்கள். படைப்பின் வாசகத்தை மூன்று பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுங்கள். மழை வானத்திலிருந்து இறங்கி நிலத்தை நனைத்து விதைப்பவருக்கு விதை தருவதைச் சொல்லும் எசாயா 55-ஐ மானாவாரி விவசாயி ஒருவரிடம் கொடுங்கள். எங்கள் பங்கில் மூன்று வருடம் பயிர் காய்ந்த ஒருவர் அதை வாசித்தார். பாதியில் நிறுத்தி, மூச்சு வாங்கி, மறுபடி வாசித்தார். கோவிலில் ஒரு சத்தம் இல்லை.

தண்ணீர்: ஒவ்வோர் அன்பியமும் தன் தெருத் தண்ணீரை ஒரு குடத்தில் கொண்டுவந்து திருமுழுக்குத் தொட்டியில் ஊற்றட்டும். தர்மபுரி மாவட்டத்தில் பல ஊர்களில் நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். பல்லில் பழுப்புக் கறை ஏறிய பெரியவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இதற்காகவே வந்தது. நல்ல தண்ணீருக்குக் குடத்தோடு காத்திருந்த மக்களுக்குத் தண்ணீரை ஆசீர்வதிப்பது என்றால் என்ன என்று நான் விளக்கவேண்டியதே இல்லை. குடத்தைத் தூக்கி ஊற்றும்போதே சிலர் சிலுவை வரைந்துகொள்வார்கள்.

படி 5: ஐம்பது நாட்கள்

உயிர்ப்பு ஞாயிறு முடிந்த திங்களோடு எல்லோரும் களைத்துப் படுத்துவிடுகிறோம். தவக்காலம் நாற்பது நாள், பாஸ்கா காலம் ஐம்பது நாள் என்பதை மக்கள் மறந்தே போனார்கள். பள்ளி விடுமுறையும் இதே நேரத்தில் வருவதால் முதல் நற்கருணை, உறுதிப்பூசுதல் வகுப்புகளை இங்கே வையுங்கள். தவக்காலத்தில் எப்படி வெள்ளிதோறும் தெருவுக்குப் போனோமோ, அதே போல இந்த ஏழு வாரமும் வீடு மந்திரிப்புக்கு, அதாவது வீடுகளை ஆசீர்வதிக்க, போங்கள். திருவிழிப்பில் ஆசீர்வதித்த தண்ணீரையே கொண்டுபோங்கள். மே 13 பாத்திமா அன்னை நாளுக்குக் கிருஷ்ணகிரித் திருத்தலம் போகிறவர்கள் மாங்காய் அறுப்பைப் பார்த்து நாள் ஒதுக்குவார்கள். பங்குப் பயணமாக ஏற்பாடு செய்வதானால் மாலை நேரத்தை எடுங்கள்.

படி 6: பாதுகாவலர் திருவிழா

கோவில் எந்தப் புனிதர் பெயரில் இருக்கிறதோ அவருடைய விழா. இதற்கு என் உதவி யாருக்கும் தேவைப்படாது. கொடியேற்றம், நவநாள், சப்பரம் எல்லாம் ஊர் பார்த்துக்கொள்ளும். நான் கேட்டுக்கொள்வது இரண்டுதான். நவநாள் பிரசங்கங்களை அந்த ஆண்டின் நற்செய்தியிலிருந்து தரச் சொல்லுங்கள். தேர் எல்லாத் தெருவுக்கும் போக வேண்டும், ஒரு தெருவையும் விடக்கூடாது. ஒரு தெருவை விட்டுவிட்டுத்தான் தேர் போகும் என்றால் கொடியையே ஏற்றாதீர்கள். ஒரு முறை அப்படிச் சொல்லி மூன்று வாரம் பேசினேன். கடைசியில் எல்லாத் தெருவுக்கும் போனது.

படி 7: பச்சை உடை ஞாயிறுகள்

குரு பச்சை உடை அணியும் பொதுக்காலம் 33 அல்லது 34 வாரம். பெரிய விழா எதுவும் இல்லாத ஞாயிறுகள்தான் இதில் அதிகம். மாற்கு ஆண்டானால் அன்பியக் கூட்டங்களில் மாற்குவை முதலிலிருந்து கடைசிவரை வாசித்து முடித்துவிடுங்கள். பதினாறே அதிகாரம். ஆடி விதைப்புக்கு முன் விதை மந்திரிப்பு வையுங்கள். ஆளுக்கொரு பிடி கேழ்வரகு, அவரை, துவரை கொண்டுவருவார்கள். மரியன்னையின் விழாக்களான ஆகஸ்ட் 15, செப்டம்பர் 8, அக்டோபர் செபமாலை எல்லாம் தம் வழியில் நடக்கும்.

படி 8: நவம்பர்

கல்லறைத் திருநாளுக்கு ஒரு வாரம் முன்பே கல்லறைத் தோட்டத்தைப் பங்காகச் சேர்ந்து சுத்தம் செய்யுங்கள். வாரிசு இல்லாத கல்லறைகளுக்கு இளைஞர்கள் சுண்ணாம்பு அடிக்கட்டும். நவம்பர் 2 அன்று பூ விலை ஏறிவிடும். ஓசூர், ராயக்கோட்டை பக்கம் சாமந்தி போடும் நம் குடும்பங்களிடம் முன்பே சொல்லி, பூ வாங்க வசதி இல்லாதவர்களுக்கு ஒரு கூடை எடுத்துவைக்கச் சொல்லுங்கள். பெங்களூரிலிருந்து வந்தவர்கள் அன்று மாலையே திரும்பிவிடுவார்கள். நான் அன்று மந்திரிப்பு முடிந்ததும் கல்லறைத் தோட்டத்தின் வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவேன். வருடம் முழுக்கக் கோவிலுக்கு வராதவர்களும் அங்கே வந்து பேசுவார்கள்.

படி 9: திருவருகையும் கிறிஸ்துமஸும்

திருவருகைக் காலத்தின் முதல் இரண்டு வாரம் கேரல் வேண்டாம், சீரியல் பல்பு வேண்டாம். ஊதா உடை, நான்கு மெழுகுதிரி, காத்திருப்பு. டிசம்பர் 17-க்குப் பிறகு வீடுவீடாகப் பாடப் போகலாம். குடிலை ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரை வைத்திருங்கள். 2027-இல் அது ஜனவரி 10.

நள்ளிரவுத் திருப்பலி நேரத்தை ஊருக்கு ஊர் முடிவு செய்யுங்கள். தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கம் டிசம்பர் என்றால் யானை நடமாடும் காலம். கேழ்வரகு முற்றி நிற்கும்போது கூட்டமாக வரும். ஆண்கள் பரண்மேல் தகர டப்பாவும் டார்ச்சும் பட்டாசுமாக விடிய விடியக் காவல் இருப்பார்கள். அங்கே இருந்தபோது மாலை ஆறரைக்கே கிளைக் கிராமத்தில் கிறிஸ்து பிறப்புத் திருப்பலி வைத்தேன். எட்டு மணிக்குள் எல்லோரும் வீட்டுக்குப் போய்விடலாம். காவலை விட்டு வர முடியாதவர்களுக்கு மறுநாள் விடிந்ததும் ஜீப்பில் போய் வயலோரத்திலேயே நற்கருணை கொடுத்தேன். குளிரில் கம்பளி போர்த்திக்கொண்டு, கண் சிவந்து, பரணிலிருந்து ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். இரவெல்லாம் மந்தையைக் காத்த இடையர்களைப் பற்றி லூக்கா எழுதியதை அங்கே வாசித்தேன். பிரசங்கம் வைக்கவில்லை.

படி 10: நோட்டை முடிக்காதீர்கள்

ஒவ்வொரு விழா முடிந்த வாரமும் பேரவையோடு அரை மணி உட்கார்ந்து நான்கு வரி எழுதுங்கள். எத்தனை மணிக்குத் தொடங்கினோம், யார் வரமுடியவில்லை, ஏன், எவ்வளவு செலவு. புளி, பரீட்சை, ஷிஃப்ட், யானை எல்லாம் அதில் இருக்கட்டும். அடுத்த ஆண்டின் உயிர்ப்பு ஞாயிறு தேதியைக் கடைசிப் பக்கத்தில் எழுதிவையுங்கள். மே மாதம் மாற்றல் உத்தரவு வந்தால், சாவிக்கொத்தோடும் கணக்குப் புத்தகத்தோடும் இந்த நோட்டையும் புதிதாக வரும் தந்தையின் கையில் கொடுங்கள். எந்தத் தெருவில் ஆறாம் தலம், ஏன் எட்டு மணி என்பதை மட்டும் வாயாலும் சொல்லிவிடுங்கள்.